ஊளை உடுற பாட்டு

காலிப் பெட்டிக்குள் நின்று பாடிப் பார்த்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் ஒருத்தி. பெட்டி என்றால் கன்டெய்னர். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் யார்டில் அதைக் கன்டெய்னர் என்று சொன்னால் ஆடிட்டர் வந்துவிட்டார் என்று நினைப்பார்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வரும் பெட்டிகளைப் பார்த்து, மறுபடி சரக்கு ஏற்றலாமா கூடாதா என்று சீட்டு எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

பார்ப்பது ரொம்பச் சுலபம். நான் பெட்டிக்குள் போய் நிற்பேன். வெளியே இருப்பவர் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்துவார். உள்ளே கும்மிருட்டு. கூரையில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் அந்த இருட்டில் பளிச்சென்று தெரிந்துவிடும். கதவைச் சாத்தியவர் ஒரு நிமிடம் கழித்துக் கேட்பார்: "வெளிச்சம் தெரியுதா?" தெரியவில்லை என்றால் நல்ல பெட்டி. தெரிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ரிப்பேர் வரிசைக்கு அனுப்ப வேண்டும். ஊரெல்லாம் வெளிச்சம் தெரிந்தால் சந்தோஷப்படும். வெளிச்சம் தெரியாவிட்டால் சந்தோஷப்படுகிற ரகம் நான்.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்த ஒரு நிமிட இருட்டு எனக்குப் பயம். எலி இருக்கும், பூச்சி மருந்து நாற்றம் இருக்கும், ஒரு தடவை வெளிநாட்டுத் தவளை ஒன்று காலில் ஏறியது. பயம் போக வாய்விட்டுப் பாட ஆரம்பித்தேன். ராயபுரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பதினேழு வயது வரை மேல் குரல் பாடியவள் நான். வாயை நன்றாகத் திற என்பார்கள். திறந்தால் கத்தாதே என்பார்கள். ஒருநாள் கோபத்தில் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் நான் இஷ்டத்துக்குக் கத்தலாம் என்று விட்ட முதல் இடம் இந்தப் பெட்டிதான். இரும்புச் சுவர் நான் கொடுத்ததை வாங்கி இரண்டு பங்காக்கித் திருப்பிக் கொடுத்தது. குளியலறையில் பாடுகிறவர்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் தெரிந்திருக்கும்.

அப்படிப் பாடிவிட்டு ஒருநாள் வெளியே வந்தபோது ஸ்டேக்கர் வண்டி எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தது. ஸ்டேக்கர் என்பது பெட்டியைத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற ராட்சச வண்டி. அதை ஓட்டுகிற அண்ணன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள நீயா பாடிகினு இருந்த?"

"ஆமா. இன்னா இப்போ?"

"ஒண்ணும் இல்ல. ஏன் இத்தினி நாளா சொல்லல?"

அவரும் ராயபுரத்துக்காரர். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வளர்ந்தவர். பக்கத்து வீட்டு கேசட்டில் ஓடிய பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகளைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு கிட்டார் பழகியவர். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு சுரம் தப்பாது. மூன்றாவது ஆள் டிரெய்லர் ஓட்டுகிற தம்பி. புளியந்தோப்பு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே ஜோராக அடிக்கிறவன். டிரம்ஸ் இல்லாவிட்டால் டீசல் டின்னில் அடிப்பான். இப்படி எங்கள் மூன்று பேருக்கும் ஒரு குழு அமைந்தது. பெயரெல்லாம் வைக்கவில்லை. வைத்தால் பேனர் அடிக்கச் சொல்வார்கள்.

ஆயுத பூஜைக்கு யார்டில் கச்சேரி உண்டு. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் எங்களுக்கு ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய பாட்டு. பெயரைச் சொன்னால், தெரிந்தவர்கள் 'நீங்களெல்லாம் அதைப் பாடலாமா' என்று சண்டைக்கு வருவார்கள். தெரியாதவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. பேசுகிற மாதிரி அடிக்குரலில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, கடைசியில் ஒரு கூவல். வார்த்தையே கிடையாது. பன்னிரண்டு எண்ணும் வரை மூச்சு விடாமல் உச்சியில் பிடித்து நிற்க வேண்டும். பாடியது என்னவோ ஆண்பிள்ளை. ஆனால் அவன் குரல் ஏறிய உயரத்துக்கு எங்கள் யார்டில் ஒரு ஆண்பிள்ளையாலும் ஏற முடியவில்லை. நான் ஏறினேன்.

முதல் வருடம் பாடி முடித்ததும் கூட்டம் அப்படியே வாயடைத்துப் போய்விட்டது. நமக்கு நாமே வைத்துக்கொண்ட வேட்டு என்று நினைத்தேன். அப்புறம்தான் விசில் பறந்தது. மறு வருடம் டிரைவர்கள் தேடி வந்து கேட்டார்கள்: "அந்த ஊளை உடுற பாட்டு இந்தத் தபா உண்டாக்கா?" பாட்டுக்கு அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது. கோபம் வந்தது. அடுத்த நிமிடம் யோசித்தால் சரியான பெயர்தான். இதை எழுதும்போதும் அதற்கு மேல் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

கொரோனா இரண்டாவது அலையில் எனக்கு மூச்சு நின்று போகிற நிலை வந்தது. தொண்டையில் குழாய் போட்டு ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். மயக்கம் லேசாகும்போதெல்லாம் மெஷின் எனக்காக மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். கையைக் கட்டியிருந்தார்கள். எனக்கென்று செய்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. பாட்டை மனத்துக்குள் ஆரம்பத்திலிருந்து ஓட்டுவேன். கூவல் வந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பன்னிரண்டு வரை போய்ச் சேர்ந்தால் இன்னும் இருக்கிறேன் என்று அர்த்தம். சில நாள் ஐந்திலேயே தூக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஜெபம் செய்தாயா என்று வீட்டில் கேட்டார்கள். செய்தேன் என்றேன். பொய்யில்லை.

அப்போது ஒரு முடிவு செய்தேன். வெளியே போனால் இந்தப் பாட்டை ஒரு தடவையாவது ஆட்கள் முன்னால், அதே உயரத்தில், வாய்விட்டுப் பாடிவிட வேண்டும். முடியாவிட்டால் அதோடு பாட்டுக்கு முழுக்கு. வாழ்க்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டவள் பாட்டில் இவ்வளவு கறார் காட்டலாமா என்று கேட்டால், நியாயம்தான். ஆனால் என் சுபாவம் அப்படி.

வீட்டுக்கு வந்தபோது காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. குழாய் உரசிய இடத்தில் தழும்பு, பேச்சு வந்துவிடும் என்றார் தொண்டை டாக்டர். பாட்டு? அதற்கு அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். போனைத் திறந்து பார்த்தேன். நான் படுத்திருந்த நாட்களில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பதினொரு முறை அந்தப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். கிட்டாரும் டிரம்ஸும் மட்டும். நான் பாட வேண்டிய இடமெல்லாம் காலியாக விட்டு, கூவல் வருகிற இடத்தில் பன்னிரண்டு தட்டு வெறுமனே தட்டி, மறுபடி சேர்ந்திருந்தார்கள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. சீக்கிரம் வா என்று கூடச் சொல்லவில்லை. எனக்கு இடம் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அழுத மாதிரி ஆஸ்பத்திரியில் கூட நான் அழவில்லை.

யார்டுக்குத் திரும்பிய பிறகு பெரிய கஷ்டம், என்னால் யாரையும் அதட்ட முடியவில்லை. கேட்டில் என் சத்தத்துக்குப் பயந்துதான் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும். இப்போது டிரைவர்கள் காதை என் வாய் பக்கம் கொண்டு வந்து, "இன்னாக்கா? இன்னா சொன்ன?" என்று அன்பாகக் கேட்டார்கள். அந்த அன்பு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த அட்டையால் இரண்டு பேரை அடித்தே இருக்கிறேன்.

பெட்டிக்குள் மட்டும் நிம்மதி. கதவு சாத்தியதும் மெதுவாக முனகுவேன். ஒரு மாதம் முனகல். அப்புறம் ஒரு வரி. இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போனது. ஒருநாள் காலையில், பெட்டி இன்னும் சூடேறாத நேரத்தில், என்னையும் அறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். கூவல் வந்தது. இரும்பு மொத்தமும் அதிர்ந்து என் மேல் கொட்டியது. எண்ணினேன். பன்னிரண்டு. கதவைத் திறந்த தம்பி என் முகத்தைப் பார்த்து, பெட்டியில் பாம்பு என்று நினைத்து ஓடினான்.

அப்போது ஆயுத பூஜைக்கு மூன்று மாதம் இருந்தது. பின்வரிசையில், ரிப்பேருக்குக் காத்திருக்கும் பெட்டிகளில் நாற்பதடிப் பெட்டி ஒன்று. கூரையில் நான் வட்டம் போட்டுவிட்ட ஓட்டை ஒன்று உண்டு. அதில்தான் ஒத்திகை. ஷிப்டுக்கு முன்னால் ஆறு மணிக்கு மூன்று பேரும் உள்ளே போவோம். ஏழரைக்கு மேல் உள்ளே நின்றால் ஆள் வெந்துவிடுவான். தம்பி டிரம்ஸைக் கொண்டு வராமல் சுவரிலேயே கையால் தட்டுவான். அண்ணன் எப்போதும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் வாசிப்பார். "ஏண்ணே, நீ சாய்ஞ்சா பொட்டியும் சாஞ்சிடப் போவுது" என்று தம்பி கிண்டல் செய்வான். அவர் சிரித்துக்கொள்வார், நிமிர மாட்டார். பாடி முடித்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். பழைய குரல் வந்துவிட்டது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

பூஜைக்கு நாலு நாள் முன்னால் மேடை போடுகிற மைதானத்தில் ஒரு தடவை பாடிப் பார்க்கலாம் என்று போனோம். யார்டின் முன்பக்கம், மூன்று பக்கமும் திறந்த வெளி. ரோட்டைத் தாண்டினால் கடல். மைக் கூட வைத்துப் பார்த்தோம். ஆரம்பம் சுமாராகப் போனது. ஏற ஏறக் குரல் நூலாகியது. கூவலில் வாயைத் திறந்தேன். சைக்கிள் டியூபில் காற்று போகிற சத்தம் வந்தது. அதையும் கடல் காற்று தூக்கிக்கொண்டு மணலி பக்கம் போய்விட்டது.

மைக் சரியில்லை என்றேன். மைக்கை மாற்றினார்கள். காற்று என்றேன். காற்று நிற்கும் வரை நின்றோம். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். மூன்றாவது தடவை பாடியபோது எனக்கே புரிந்துவிட்டது. மூன்று மாதமாகப் பாடியது நானில்லை, பெட்டி. நான் கொடுத்த அரைக்குரலை அது முழுக்குரலாக்கித் தந்திருக்கிறது. பத்தொன்பது வருடம் பெட்டிக்குள் நின்று ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவளுக்கு, தன் தொண்டையில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டுமே. அண்ணன்தான் பக்கத்தில் இருந்தார்.

"ஒரு சுரம் தப்புனா கண்டுபிடிப்பேன்னு பெருமையா சொல்லிப்பியே! மூணு மாசமா என் கொரலு இப்டி கீதுன்னு ஒனக்குத் தெரியல? தெரிஞ்சுகினே என்னை டபாய்ச்சியா?"

அவர் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அப்புறம் சொன்னார்.

"எனக்கு எடது காது போயி மூணு வருசம் ஆச்சும்மா. வலது பாதிதான். வண்டி சத்தம். ஆபீசுக்கு தெரியும், எனக்கு எல்லாம் கைச் சிக்னல்தான். ஒங்கிட்ட மட்டும் சொல்லல. சொன்னா நீ வேற ஆளைப் பாத்துகினு போயிடுவியோன்னு."

"அப்பொறம் எப்டி வாசிக்கற?"

"பொட்டில சாய்ஞ்சிருந்தா முதுகுல கேக்கும். நீ கூவுறப்போ நல்லா கேக்கும்."

தொண்டை போனவளும் காது போனவரும் ஒரு இரும்புப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் பழையபடி இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மிச்சம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் நல்ல காது. அவனோ பெட்டியை இடி மாதிரித் தட்டிக்கொண்டிருந்தான்.

"சுருதிய ரெண்டு படி எறக்கிக்கலாம்மா," என்றார் அண்ணன். "யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்," என்றேன். "பாடலன்னு சொல்லிடுங்க."

தம்பி குறுக்கே வந்தான். "இதுல இன்னா பேஜாரு கீது? பொட்டிகுள்ளதான் பாட்டு வருதுன்னா பொட்டியையே இங்க கொண்டாந்துடலாம். அண்ணன் தூக்கினு வந்து ஓரமா வெச்சா, கதவைத் தொறந்துட்டு உள்ளாற நின்னு பாடு. அதான் ஸ்டேஜு." பெட்டியைத் தவிர வேறு எதையும் நினைக்கத் தெரியாத ஆட்கள் நாங்கள். மூன்று பேருக்கும் அது பெரிய அறிவாளித்தனமாகப் பட்டது. நான் 'ம்' என்றேன்.

பூஜை மாலை ஐந்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்குப் பெட்டியைக் கொண்டு வைப்பது திட்டம். அன்றைக்கு ஸ்டேக்கரைக் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். என்னுடைய டார்ச்சுக்கும் சாக்பீஸ் டப்பாவுக்கும் தம்பி பொட்டு வைத்தான். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று அவனுக்குத் தெரியும். டார்ச் சர்ச்சுக்குப் போகாதில்லையா என்பான். பதினொரு மணிக்கு முதலாளியிடமிருந்து போன். சாயங்காலம் அவருக்கு வேறு இடத்தில் பூஜையாம். பன்னிரண்டு மணிக்கே இங்கே பூஜையை முடித்துவிட்டார்கள்; கச்சேரியும் மூன்றரைக்கு மாறிவிட்டது.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஓரடி ஏற்றி நிறுத்தியதும், எல்லா வண்டிச் சாவியும் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்துக்குப் போய்விடும். மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. வருடம் முழுக்க உழைத்த வண்டிக்கு ஒரு நாள் ஓய்வு. தம்பி டிரெய்லரோடு எண்ணூர் கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். நான் பொரிப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வண்டி மேல் பூஜைக்கு நின்றுகொண்டிருந்தார். மூன்று பேருக்கும் உறைக்கும்போது சாவி தட்டில் இருந்தது. பெட்டி பின்வரிசையில் இருந்தது.

மூன்று மணிக்குச் சாமி படத்துக்குப் பக்கம் போனேன். அண்ணன் அங்கே தனியாக நின்றிருந்தார். முப்பது வருடத்தில் அந்த ஒரு நாள் சாவியைத் தொடாதவர். ஒரு தடவை முதலாளியே அவசரம் என்று கேட்டும் மாட்டேன் என்றவர். அவர் கை தாம்பாளத்துக்கு மேலே நீண்டிருந்தது. விரல் சாவிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மெதுவாக, எனக்காக, அவர் நம்புகிற ஒன்றை மீறிக்கொண்டிருந்தார்.

"வேணாண்ணே," என்றேன்.

"பத்து நிமிசத்து வேலைம்மா. சாமி ஒண்ணும் சொல்லாது."

"சாமி சொல்லாது. நீ தூங்க மாட்ட."

கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கை நீண்டதே எனக்குப் போதும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண் கலங்கினால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். விடுவிடுவென்று நடந்து பின்வரிசைக்குப் போய், அந்த ஓட்டைப் பெட்டியின் வாசலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முன்னால் ஐந்தடுக்குப் பெட்டிகள் இரண்டு பக்கமும் சுவராக நிற்கும் நீளச் சந்து. மைதானத்திலிருந்து சினிமாப் பாட்டு மெலிதாகக் கேட்டது. சரி, முடிந்தது, இனி டார்ச்சும் சாக்பீஸும்தான் என்று நினைத்தேன். மனம் ரொம்ப வலித்தது.

நாலரை இருக்கும். மைக்கில் தம்பி குரல். "அடுத்தது ஊளை உடுற பாட்டு. ஸ்டேஜுல கெடையாது. பின்னால ரிப்பேர் பொட்டியாண்ட. ஒயரு எட்டாது, அதால மைக்கும் கெடையாது. அல்லாரும் அவங்கவங்க நாற்காலிய தூக்கிகினு வாங்க!"

யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தேன். அங்கே விசிறி இருந்தது, சுண்டல் இருந்தது, தெரிந்த பாட்டு இருந்தது. சந்தின் முனையில் முதலில் ஒரு சிவப்பு நாற்காலி தெரிந்தது. ஒரு டிரைவர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி, இடுப்பில் குழந்தை, கையில் பொரிப் பொட்டலம். அதற்குப் பின்னால் இன்னொரு நாற்காலி. அப்புறம் வரிசையாக, திருவிழாவில் சாமி தூக்கி வருகிற மாதிரி, சந்து அடைக்க நாற்காலிகள் வந்தன. வெல்டர், கேட் வாட்ச்மேன், கேன்டீன் அம்மா, நான் அட்டையால் அடித்த இரண்டு பேர். பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியாத ஜனம். நான் மூன்று வருடமாகப் பாடவில்லை என்பது மட்டும் புரிந்த ஜனம். நான் அவர்களை வரிசையில் நில் என்று அதட்டத்தான் தெரிந்தவள். இப்போது அவர்களே வரிசையாகப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த நிமிடத்தில் உயரம், தாழ்வு, பழைய குரல் எல்லாம் எனக்கு மறந்துவிட்டது என்று எழுத ஆசை. மறக்கவில்லை.

அண்ணன் பெட்டிக்குள் ஏறிச் சுவரில் சாய்ந்தார். தம்பி வெளிப்பக்கச் சுவரில் உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தான். நான் வாசலில் நின்றேன். அடிக்குரலில் ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் பெட்டி குரலை வாங்கிக்கொண்டது. முன்னால் சந்து வாங்கிக்கொண்டது. ஏறினேன். இரண்டாவது படியில் கரகரப்பு வந்தது, விட்டுவிட்டுப் போனேன். கூவல் வருகிற இடம் வந்தது. தம்பி மட்டும் தட்டினான், பதிவில் எனக்காகத் தட்டியிருந்த அதே காலித் தட்டு.

வாயைத் திறந்தேன். வந்தது. பழைய குரல் இல்லை. நடுவில் கிழிசல் இருந்தது, அந்தக் கிழிசல் வழியாகக் காற்றும் கூடவே வந்தது. ஆறு, ஏழு, எட்டு. எட்டில் உடைந்தது. மிச்சம் நாலை நான் பாடவில்லை. இரண்டு பக்கமும் நின்ற பெட்டிகள் எதிரொலியில் அதை இழுத்துக்கொண்டு போயின. ஒன்பது, பத்து. அண்ணன் கிட்டாரை விட்டுவிட்டுத் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் இரும்புச் சுவரில் ஒட்ட வைத்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். பதினொன்று. பன்னிரண்டு.

விசில் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் காதில் விழவில்லை. வாய் அசைந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"வந்துச்சும்மா. கைக்கு வந்துச்சு."

பாட்டுக்கு முழுக்குப் போட்டேனா என்று கேட்டால், இல்லை. எட்டுதான் என்னுடையது, நாலு அவர்கள் கொடுத்தது; கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு வந்துவிட்டது. மறுநாள் காலையில் சாவிகள் தட்டிலிருந்து இறங்கின. வெல்டர் அந்தப் பெட்டியின் கூரையில் ஒட்டுப் போட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனேன். தம்பி கதவைச் சாத்தினான். கும்மிருட்டு.

"வெளிச்சம் தெரியுதாக்கா?"

வட்டம் போட்ட இடத்தை அண்ணாந்து பார்த்தேன். தடவினால் மேடு தட்டும், நல்ல பெட்டி மாதிரி வழுவழுப்பாக இருக்காது. ஆனால் சரக்கு ஏற்றலாம்.

"தெரியல," என்றேன்.

தம்பி உடனே கதவைத் திறக்கவில்லை. வெளியே ஸ்டேக்கர் எஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது. இறங்கி நடந்து வருகிற செருப்புச் சத்தம். அப்புறம் என் தோளுக்கு நேராக, சுவரின் அந்தப் பக்கத்தில், ஒரு கை மெதுவாக மூன்று தட்டுத் தட்டிவிட்டு அங்கேயே நின்றது.

பாடினேன்.